மோப்பக்காவின் மூன்றாவது பீப்பாய்

அந்த விடுதியில் பதினோரு அறைகள். இருபத்தேழு வருடம் அந்தப் பதினோரு அறைகளையும் மூக்காலேயே பெருக்கியவள் என்று மோப்பக்காவைப் பற்றிச் சொல்வார்கள். துடைப்பமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தங்கியவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதும் அவள் அறைக் கதவைத் திறப்பாள். உள்ளே கால் வைக்க மாட்டாள். படியில் நின்று, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுப்பாள். அவ்வளவுதான். "கட்டிலுக்கு அடியில ஈரத் துண்டு கிடக்கு." கிடக்கும். "ஜன்னலத் திறந்து வெச்சு சிகரெட் பிடிச்சிருக்கான். இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணுவான் பாரு." பண்ணுவான்.

ஒருமுறை நாலாம் நம்பர் அறை வாசலில் நின்றவள், கண்ணைத் திறக்காமலேயே, "சுவருக்குள்ள வயர் கருகுது" என்றாள். மேனேஜர் சிரித்தார். அவள் அவரோடு நின்று வாதாடவில்லை. மாடியும் கீழுமாக ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பத்தொன்பது பேரைத் தெருவில் இறக்கி நிறுத்தினாள். கால் மணி நேரத்தில் நாலாம் நம்பர் சுவரிலிருந்து புகை வந்தது. அன்றைக்குப் போனதுதான், பெற்றவர்கள் வைத்த பெயர். பெரியவர், சின்னவர், தபால்காரர், ஏன், அந்த மேனேஜரே கூட மோப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்.

வீட்டிலும் மூக்குக்கு வேலை இருந்தது. ஆனால் அங்கே கண்டுபிடிக்க ஒரே ஒரு வாசனைதான். அவள் புருஷன் அதே விடுதியில் சமையல்காரர். நல்ல மனுஷன், நல்ல கைப்பக்குவம், குடிக்க உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தெரியாது. மகனுக்குப் பத்தொன்பது வயதாகும்போது போய்ச் சேர்ந்தார். மகன் அப்பாவின் கரண்டியை எடுத்துக்கொள்ளவில்லை, தச்சுவேலைக்குப் போனான். ஆனால் அப்பாவின் கிளாஸை எடுத்துக்கொண்டான்.

அதனால் ஒரு வழக்கம் உண்டாயிற்று. மகன் வேலை முடிந்து வரும்போது அவள் வாசலை மறித்து நிற்பாள். அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தலையைக் கீழே இழுப்பாள். கழுத்தோரம் ஒரு மூச்சு. சுத்தமாக இருந்தால், "போ, உள்ள போ." இல்லாவிட்டால் கதவு சாத்தப்படும், அவன் படியிலேயே படுத்துக்கொள்ள வேண்டியதுதான். கல்யாணமாகியும் வழக்கம் மாறவில்லை. படியில் படுத்த நாட்கள் அதிகமாகிக்கொண்டே போனதும் மருமகள் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டுப் போகவில்லை. வாசலில் நின்று நிதானமாகச் சொன்னாள்: "அத்தை, ரெண்டு வருஷம். முழுசா ரெண்டு வருஷம் தொடாம இருந்தா நானே வர்றேன். நீங்க சரின்னு சொன்னாப் போதும், வேற யார் சாட்சியும் வேண்டாம்."

அன்றைக்கு நிறுத்தினான் அவன். ஒரு மாதம் ஆயிற்று, ஆறு மாதம் ஆயிற்று, வருடமும் தாண்டியது. மாலையில் காலரைப் பிடித்து இழுப்பது சோதனையாக இருந்தது போய் கொஞ்சலாக மாறிவிட்டது. அவனே குனிந்து கழுத்தைக் காட்டுவான். "சீக்கிரம் மோந்து விடும்மா, பசிக்குது." அவளும் வேண்டுமென்றே இரண்டு தடவை மோந்து பார்ப்பாள்.

விடுதி அதற்குள் மூடி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஊருக்கு வெளியே புதுச் சாலை போட்டார்கள், பேருந்துகள் அந்தப் பக்கம் திரும்பின, இருநூறு வருடமாக வழிப்போக்கர்கள் தூங்கிய கட்டடத்தில் புறாக்கள் தூங்க ஆரம்பித்தன. அப்போதுதான் ஒரு பெண் வந்து அதை வாங்கினாள். நாற்பது வயது இருக்கும், முன்பு மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சி வேலை. விடுதியை மறுபடி விடுதியாக்கப் போவதில்லை, வடித்த மதுவை ருசி பார்க்கும் கூடமாக்கப் போகிறேன் என்றாள். பின்கட்டில் இருந்த பழைய குதிரை லாயத்தில் பீப்பாய்கள், முன்கூடத்தில் ருசி பார்க்கும் மேடை. எந்த உத்தரம் ஒழுகும், எந்தச் சுவர் ஓதம் காக்கும் என்று கேட்க மோப்பக்காவைத் தேடி வந்தாள்.

"ஆக, சாராயக்கடை" என்றாள் மோப்பக்கா.

"இல்லக்கா. இங்க யாரும் குடிக்க வர மாட்டாங்க. ருசிக்கத்தான் வருவாங்க."

"எங்க வீட்டுக்காரரும் முப்பது வருஷம் ருசிதான் பார்த்தாரு, பாப்பா."

இருந்தாலும் கட்டடத்தைப் பார்க்கும் ஆசையில் கூடப் போனாள். லாயத்தில் நாலு சின்னப் பீப்பாய்கள், ஒவ்வொன்றும் பத்து லிட்டர். பக்கத்தில் மது வடிப்பவர் நின்றிருந்தார். தொழிலாலும் உடம்பாலும் அவருக்குப் பொருத்தமான பெயர் ஒன்றுதான், ஊரும் அதைத்தான் வைத்தது: பீப்பாய்க்காரர். வயிறு பெருத்து வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸ்களில் ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தார். மோப்பக்கா கேட்காமலேயே குனிந்து கண்ணை மூடினாள்.

"இதுல ஈரச் சாக்கு நாத்தம்."

"எதுல?" என்றார் பீப்பாய்க்காரர், அடிபட்டவர்போல.

"ரெண்டாவதுல. ஊறப் போட்டு மறந்துட்ட சாக்கு."

"அம்மா, நான் இருபது வருஷமா..."

"இருபது வருஷமா மூக்கக் கழட்டி வெச்சிட்டு வேலை பார்த்தீங்களா?"

அவர் கோபத்தில் பீப்பாயைப் பிரித்தே காட்டினார். உள்பக்கம் ஒரு பலகையின் இடுக்கில் விரல் நீளத்துக்குப் பூஞ்சை. முதலாளிப் பெண் பூஞ்சையைப் பார்க்கவில்லை, மோப்பக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நீங்க இங்க வேலைக்கு வரணும்" என்றாள்.

ஒரு நிபந்தனையோடு வந்தாள். மோந்து பார்ப்பாள், நாக்கு நுனியில் தொட்டுத் துப்பிவிடுவாள், ஒரு சொட்டு உள்ளே போகாது. "நான் குடிக்க வேண்டியதையும் சேர்த்து அவரே குடிச்சிட்டுப் போயிட்டாரு." நல்லதாக நின்ற மூன்று பீப்பாய்களுக்கும் புதிதாக எண் போட்டார்கள். எதற்கு என்ன வாசனை என்று அவள் சொல்லச் சொல்ல முதலாளிப் பெண் அட்டைகளில் எழுதினாள். முதலாவது, சீவின பென்சில், கருகின சர்க்கரை. இரண்டாவது, கனிந்த வாழைப்பழம், புதுத் தோல் செருப்பு. மூன்றாவதுக்கு அவள் நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். "முதல்ல கிராம்பு. அப்புறம் ஆரஞ்சுத் தோலு. எல்லாம் போனதுக்கு அப்புறம் கடைசியில மழை நனைஞ்ச கல்லு."

"நான் காய்ச்சினது சரக்கும்மா" என்றார் பீப்பாய்க்காரர், "கட்டடம் இல்ல."

அவள் இன்னொரு முறை மோந்தாள். மூன்றாவது பீப்பாய் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

மேடை செய்ய ஒரு தச்சன் வேண்டும் என்றபோது தன் மகனைச் சொல்லலாமா என்று மோப்பக்கா நாலு நாள் யோசித்தாள். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை ஆகிவிடுமே. மகன்தான் பேசி முடித்தான். "அம்மா, இந்த ஊர்ல எந்தத் தெருவுல அது இல்ல? கண்ணக் கட்டிக்கிட்டா நடக்க முடியும்? எனக்குப் பயமில்ல. உன் மூக்கு இருக்குல்ல, அதுக்குத் தப்பி நான் எங்க போயிடுவேன்?"

அந்தப் பேச்சில் அவள் இளகினாள்.

அவன் செய்த மேடையைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். கடையில் மரம் வாங்கவில்லை. மாடி அறைகளை இடித்து ஒன்றாக்கியபோது கழற்றிய ஆறு தேக்குக் கதவுகளைப் படுக்கவைத்து, இழைத்து, நீளமாக இணைத்திருந்தான். சாவித் துவாரங்களை மூடவில்லை. பித்தளை எண்களையும் எடுக்கவில்லை, மரத்தோடு சமமாகப் பதித்துவிட்டான். "நீ நிக்கிற இடம் இதும்மா" என்று நாலாம் நம்பரைத் தட்டிக் காட்டினான். "இனிமே உள்ள வர்றவங்கள இந்தக் கதவுல நின்னு மோந்து பாரு."

மேடை முடிந்தது. லாயத்தில் பீப்பாய்களுக்குத் தாங்கிகள் செய்யும் வேலை மட்டும் மிச்சம். திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் இருந்தது. அப்போது மோப்பக்காவுக்குக் காய்ச்சல் வந்தது.

நாலு நாள் காய்ச்சல், பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் காலையில் எழுந்து பால் காய்ச்சினாள். அடுப்புக்கு முதுகு காட்டி நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பியபோது சமையலறை முழுக்கப் புகை. பால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரத்தின் அடி கறுத்துப் போயிருந்தது. இரண்டடி தூரத்தில். அவளுக்கு.

அடுப்பை அணைத்துவிட்டுப் பூண்டை நசுக்கி மோந்தாள். சோப்பை மோந்தாள். மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்து முகத்தையே உள்ளே விட்டாள். வெறும் காற்று. யாரோ உலகத்தைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

"மூக்கு நரம்பு" என்றார் டாக்டர். "ஒரு மாசத்துல வரலாம், ஒரு வருஷம் கழிச்சும் வரலாம்."

"வராமலும் போகலாமா?"

"போகலாம்."

அழைப்பிதழ் அச்சாகியிருந்தது: "மோப்பக்காவுடன் மூன்று பீப்பாய்கள்." முதலாளிப் பெண்ணிடம் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தாள், இரண்டு தடவையும் யாராவது நடுவில் வந்தார்கள். உண்மையில் அது பெரிய விஷயமில்லை. அட்டைகள் இருந்தன, சொல்ல வேண்டியது மனப்பாடம். அவளை அரித்தது வேறு. மகனுக்குத் தெரிந்தால்? பதினாலு மாதமாக அவனைப் பிடித்து நிறுத்தியிருப்பது இந்த மூக்கு என்று அவனே சொல்லியிருக்கிறான். காவல்காரனுக்குக் கண் போனது திருடனுக்குத் தெரியாதவரை அவன் காவல்காரன்தான். இன்னும் பத்து மாதம். பத்து மாதம் நடித்துவிட்டால் பேத்தி வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அப்படிக் கணக்குப் போட்டுத்தான் அன்று மாலையும் வாசலை மறித்து நின்றாள். காலரைப் பிடித்தாள், இழுத்தாள், வெறும் காற்றை மூச்சு நிறைய வாங்கினாள். "போ, உள்ள போ."

ஒரு வாரம் ஒரு குறையும் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் கொஞ்சம் தாமதமாக வந்தான். குனிந்து கழுத்தைக் காட்டினான். அவள் மோந்தாள், வழக்கம்போலச் சொன்னாள். அவன் நகரவில்லை. குனிந்த தலையோடு நின்றுகொண்டே இருந்தான்.

"என்னடா, செருப்புக் கழட்ட இவ்வளவு நேரமா?"

"ஒண்ணுமில்ல" என்று உள்ளே போனான். அன்று சாப்பிடவில்லை. முதுகு வலி என்றான்.

மறுநாள் அவனே முகத்தை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டான். "நல்லா மோந்தியா?"

"மோந்துட்டேன், போ."

"நல்லாவா?"

"இதென்ன புதுசா? போடா, சோறு ஆறுது."

அவள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு சிரித்தான். பதினாலு மாதத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை. வேலை நன்றாக நடக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை மாலை. அறுபது பேர். சுரண்டி எடுத்த சுவர்களில் இருநூறு வருடத்துச் சாயங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. பழைய சாவிப் பலகை பதினோரு கொக்கிகளோடு அதே இடத்தில் தொங்கியது. மோப்பக்கா நாலாம் நம்பர் கதவுக்குப் பின்னால் நின்றாள். புதுப் புடவை. அவளுக்கு இரண்டு பக்கமும் வரிசையாகக் கிளாஸ்கள், காலடியில் துப்புவதற்கு ஒரு பாத்திரம். மகன் கூடத்தின் பின்னால், லாயத்துக்குப் போகும் கதவின் கீலை முடுக்கிக்கொண்டு, கையில் திருப்புளியோடு இருந்தான்.

முதல் பீப்பாய்க்குக் கைதட்டல். பென்சில் என்று அவள் சொன்னதும் அறுபது பேரும் மோந்து, "ஆமா, பென்சில், பென்சில்" என்றார்கள், பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனவர்கள்போல. இரண்டாவதுக்கு இன்னும் அதிகம். புதுச் செருப்பு என்றதும் ஒருவர், "என் மாமனார் வீட்டு வாசனை" என்றார், கூடம் சிரித்தது. மூன்றாவது கிளாஸ் எல்லார் கைக்கும் வந்தது. மோப்பக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வாழ்நாள் முழுக்கக் கண்ணை மூடியே மோந்து பழகியவள்.

"முதல்ல கிராம்பு வரும். அவசரப்படாதீங்க. அப்புறம் ஆரஞ்சுத் தோலு, கைல உரிச்சா தெறிக்குமே, அந்த மாதிரி. எல்லாம் போனதுக்கு அப்புறம், கடைசியில..."

"கொஞ்சம் கலங்கலா இருக்கே" என்றது ஒரு குரல்.

"எனக்கு நீச்சல் குளம் மாதிரி அடிக்குது" என்றது இன்னொன்று. சிலர் சிரித்தார்கள். "குழாய்த் தண்ணிங்க இது!"

மோப்பக்கா கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. "இருக்குங்க. நல்லா மோந்து பாருங்க, இருக்கு. கிராம்பு, நல்லா..."

பீப்பாய்க்காரர் ஒரு கிளாஸை எடுத்து வாயில் ஊற்றினார். அவர் முகம் மாறியது. முதலாளிப் பெண்ணின் காதருகே போய்ச் சொன்னார், ஆனால் அவர் குரலும் அவர் உடம்பைப் போலத்தான், கூடம் முழுக்கக் கேட்டது: "பாதிக்கு மேல தண்ணி. நேத்துதானே மோப்பக்கா மோந்து பார்த்துட்டு சரின்னாங்க?"

அப்போது அவள் கண்ணைத் திறந்தாள். கையில் இருந்த கிளாஸ் சோற்றுக் கஞ்சி போல மங்கலாக இருந்தது. அறுபது பேர் அவளைப் பார்த்தார்கள். அவள் பார்த்தது ஒருவனை மட்டும். மகன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். மேடைக்கு முன்னால், நாலாம் நம்பருக்கு நேராக வந்து நின்றான். வீட்டு வாசலில் நிற்பதுபோலவே குனிந்து கழுத்தைக் காட்டினான்.

"அம்மா, மோந்து பாரு."

"இங்க எதுக்குடா..."

"மோந்து பாரும்மா."

அவள் கை தானாகக் காலரைப் பிடித்தது. மோந்தாள். வெறும் காற்று.

"சொல்லு, என்ன வாசனை?"

அவள் உதடு அசைந்தது. வந்தது பழைய வார்த்தைதான். "போ, உள்ள..."

"காலையிலேர்ந்து குடிச்சிருக்கேன்மா" என்றான் அவன், மெதுவாக. "பக்கத்துல நிக்கிறவங்களுக்கெல்லாம் அடிக்குது. உனக்கு எப்போ போச்சு?"



"காய்ச்சலப்போ."

அவன் தலையாட்டிக்கொண்டான், மரத்தில் அளவு சரியாக உட்காராதபோது ஆட்டுவானே, அப்படி. பிறகு எல்லாம் சொன்னான். அந்தச் செவ்வாய்க்கிழமை பீப்பாய்க்காரர் ருசி பார்த்துவிட்டு மிச்சத்தை அவன் வேலைப் பலகையிலேயே மறந்து வைத்துவிட்டார். ஒரு மடக்கு. ஒரே ஒரு மடக்கு. வாயைக் கழுவக்கூட இல்லை. அம்மா கண்டுபிடிப்பாள், கதவைச் சாத்துவாள், படியில் கிடந்து அழுதால் சரியாகிவிடும் என்று நேராக வீட்டுக்கு வந்தான். "நீ போ, உள்ள போன்னுட்ட. மறுநாளும் வந்து மூஞ்சியிலயே ஊதினேன். அதுக்கும் போன்னுட்ட. உனக்குத் தெரியாம இருக்குமா? உன் மூக்குக்கு? தெரிஞ்சேதான் விட்டுட்டன்னு நினைச்சேன். இவன் தேற மாட்டான்னு கை கழுவிட்டன்னு நினைச்சேன்மா."

அன்றிலிருந்து பதினெட்டு நாள். கைக்கு எட்டியது மூன்றாவது பீப்பாய். அளவு குறையாமல் இருக்கக் குழாய்த் தண்ணீர்.

மோப்பக்கா மேடைக்கு இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். நடுவில் அவன் இழைத்த கதவு. அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கையை மட்டும் நீட்டி அவன் காலரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலாளிப் பெண் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள், அதோடு சரி. மோப்பக்கா கிளாஸ் கழுவும் வேலைக்கு மாறினாள். வந்தவர்களுக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினாள். எந்த அறையில் யார் எதை ஒளித்தார்கள் என்று அவள் சொல்லும் கதைக்கு மதுவைவிடக் கூட்டம் சேர்ந்தது. பீப்பாய்க்காரர் ஒருநாள் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அந்த கிளாஸை நான்தான் அங்க வெச்சேன்" என்றார். "தெரியும்" என்றாள். அவர் ஒரு துணியை எடுத்து, அவள் கழுவிய கிளாஸ்களைத் துடைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். தினமும் வந்து துடைத்தார்.

மகனைக் குடியை விடவைக்கும் இல்லத்தில் சேர்த்தார்கள். இரண்டு வாரத்தில் ஓடிவந்தான். மறுபடி சேர்த்தார்கள். இரண்டாவது தடவை முழுசாக இருந்து திரும்பினான். விடுதிப் பக்கம் போகவில்லை, ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சு பழுதுபார்க்கும் வேலை. வாசல் வழக்கம் தொடர்ந்தது, ஆனால் மூச்சு போய்ப் பேச்சு வந்தது. அவள் காலரைப் பிடிப்பதில்லை. கேட்பாள்.

"குடிச்சியா?"

"இல்லம்மா."

நாலு மாதம் அந்த ஒரு சொல்லை நம்பிக் கதவைத் திறந்தாள். முழுசாக நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவன் உள்ளே போன பிறகு அவன் நின்ற இடத்தில் நின்று, பழக்கத்தில், ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பாள்.

ஒருநாள் காலையில் அவன் கண் மஞ்சளாக இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பத்தொன்பது நாள். மருமகள் பிள்ளையோடு வந்து பார்த்தாள். "நாலு மாசமா தொடல" என்று அவளிடமும் சொன்னான். மோப்பக்கா டாக்டரைத் தாழ்வாரத்தில் மடக்கிக் கேட்டாள், இவன் சொல்வது நிஜமா என்று. "ஈரல் முன்னாடியே கெட்டிருக்கு. இது பழசால வந்ததா, புதுசால வந்ததான்னு எங்களால சொல்ல முடியாதும்மா" என்றார் அவர். அந்த வாரமே அவன் போய்விட்டான்.

மூன்று வாரம் கழித்து முதலாளிப் பெண் அவளைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சட்டை தொங்கியது, ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் கழற்றிப் போட்டது. இருபத்தேழு வருடம் ஊர் பேர் தெரியாதவர்களின் துணியையெல்லாம் துவைத்துப் போட்டவள் அதை மட்டும் துவைக்கவில்லை. தினமும் எடுத்து முகத்தில் வைத்துப் பார்ப்பாள். துணி. வெறும் துணி.

"பாப்பா, ஒரு வேலை செய்வியா?" சட்டையை எடுத்து நீட்டினாள். "என்ன வாசனைன்னு சொல்லு. எனக்கு எழுதுவியே அட்டையில, அந்த மாதிரி ஒண்ணொண்ணா சொல்லு."

அவள் தயங்கினாள். பிறகு வாங்கி, கண்ணை மூடி, காலர் பக்கம் முகத்தை வைத்தாள்.

"மரத்தூள்."

"என்ன மரம்?"

"தெரியலக்கா. லேசா கசப்பு, கொஞ்சம் எண்ணெய் மாதிரி..."

"தேக்கு. அந்தப் பள்ளிக்கூடத்துல பழைய தேக்கு பெஞ்சு. அப்புறம்?"

"பசை. வியர்வை. சோப்பு."

"அப்புறம்?"

முதலாளிப் பெண் இன்னொரு தடவை மோந்தாள், நிதானமாக.

"வேற இல்லக்கா."

"அது?"

"இல்ல."

மோப்பக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். உண்மை சொல்கிற முகம் எது, மனசு நோகக் கூடாதென்று சொல்கிற முகம் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் யாருடைய முகத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவளுக்கு வந்ததில்லை. மூக்கே போதுமாயிருந்தது. முதலாளிப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. அது எதற்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

"சரி" என்றாள்.

சட்டையை வாங்கி, கட்டிலில் விரித்து, கையை மடித்து, காலரை நீவி, விடுதித் துணிகளை மடிப்பதுபோல ஓரம் ஓரமாகச் சேர்த்து மடித்தாள். பீரோவைத் திறந்தாள். அவனுடைய மற்றச் சட்டைகளுக்கு மேலே அதை வைத்து, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினாள்.

"போ, உள்ள போ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.